உப்புக்கு விடாதது

குளிர்தேசத்து ஏரியில், படகுத் தொட்டியிலிருந்து மீன்களை அள்ளும்போது, தாடையே இல்லாத அந்த மீன் சன்னாசியின் முன்கையில் ஒட்டிக்கொண்டது. முழ நீளப் பாம்பு உடம்பு. வட்டமான வாய்க்குள் சுற்றிச் சுற்றிப் பல். தேயிலைத் தோட்டத்தில் அட்டைக்கடி வாங்கி வளர்ந்தவன் சன்னாசி. யோசிக்காமல், மீனுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு பிடி அள்ளித் தண்ணீருக்குள்ளேயே அதன் தலையில் அப்பினான். உப்பு கரைந்து புண் எரிந்ததுதான் மிச்சம். அது நாக்கால் சதையை அராவிக்கொண்டே இருந்தது.

“உப்புக்கு விட, அது என்ன உன்ரை தோட்டத்து அட்டையே?” பெண்டாட்டியின் அண்ணன் யூஜின் சிரித்தான். படகு அவனுடையது. சன்னாசி மூன்று வருடமாக இருக்கும் வீடும் அவனுடையதுதான். “தண்ணியை விட்டு வெளியிலை எடுத்தாத் தானா விடும்.”

சன்னாசி கையைத் தூக்கப் போனான். யூஜின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அமுக்கினான்.

“என்ன அவசரம்? நீ என்ரை வீட்டிலை மூண்டு வருசம் என்ரை ரத்தம் குடிக்கேல்லையே? அதுவும் கொஞ்சம் குடிக்கட்டும்.”

“விடுங்க மச்சான். நாங்க வேற வீடு பாத்துப் போயிடுறோம்.”

“நாங்க இல்லை. நீ மட்டும். தங்கச்சி இருப்பாள். சரியெண்டு சொல்லு, விடுறன்.”

ரத்தம் உறையவில்லை. தொட்டித் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. சன்னாசி பல்லைக் கடித்துக் கையை மேலே இழுத்தான். யூஜினின் பிடியும் கூடவே வந்தது. காற்றில் நெளிந்து மூச்சுமுட்டிய மீன் வாய் கழன்று பலகையில் விழுந்தது. மணிக்கட்டிலிருந்த ஐந்து விரல்கள் மட்டும் கழலவில்லை.

சன்னாசி மறுகையால் இன்னொரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு யூஜினின் கண்களைப் பார்த்தான்.