மெல்லப் பிடித்தவள்

கணினித் திரையில் சிங்கப்பூர் மேடம் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். 

ஏற்கெனவே இரண்டு வீடுகள் இவளை வேலைக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டன. இது மூன்றாவது. இதுவும் கைவிட்டுப் போனால் ஏஜென்சிக்காரர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார். அப்புறம் திரும்பவும் அதே ஊர், அதே வாய்க்கால். கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒரு வருஷமாக அவள் அந்தக் கதவை முழுசாகத் திறந்ததில்லை.

மேடத்தின் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கேள்வி வந்தது. குளியலறையில் அம்மா வழுக்கினால் என்ன செய்வாய்?

அப்பாடா! இதற்கு விடை மனப்பாடம். இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஸ்டெல்லா டீச்சர் ஒரு வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருந்தாள். ஹோல்ட் என்றுதான் சொல்லவேண்டும். அது பதமாகப் பிடிப்பது. க்ராப் வாயில் வரவே கூடாது. அது வெடுக்கென்று பிடிப்பது, சங்கிலி அறுக்கிறவன் பிடிப்பது.

"காபிக்கு வேணும்னா 'க்ராப் எ காபி'ன்னு சொல்லிக்க. மனுசங்களுக்குச் சொல்லிடாதம்மா," என்பாள் டீச்சர்.

ஐ வில் ஹோல்ட் ஹர் ஜென்ட்லி, மெல்லப் பிடிப்பேன். அவ்வளவுதான். கிளிப்பிள்ளைக்குக்கூட வரும்.

ஐ வில், என்று ஆரம்பித்தாள்.

நின்றுவிட்டாள்.

போன தீபாவளிக் காலையிலும் அவள் மெல்லத்தான் பிடித்தாள்.

மகள் தேனுவுக்கு ஏழு வயது. உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து வாய்க்கால் படியில் இறக்கினாள். ஐப்பசித் தண்ணீர் நிரம்பி ஓடியது. பிள்ளைக்குக் கால் வழுக்கியது.

கையைப் பிடித்தாள். பிடிக்கத்தான் செய்தாள், பாவி!

எண்ணெய்க் கை. முதலில் மணிக்கட்டு போயிற்று. அப்புறம் விரல்கள்.

அப்புறம் தண்ணீர்தான்.

முடியைப் பிடித்திருக்கலாம். கொத்தாகக் கையில் சுருட்டி இழுத்திருக்கலாம். கை அங்கேதான் போனது. பிள்ளைக்கு வலிக்குமே என்று ஒரு நொடி தயங்கினாள்.

ஒரே ஒரு நொடி.

கேமராவில் படாத மூலையில் நின்று ஸ்டெல்லா டீச்சர் ஹோல்ட், ஹோல்ட் என்று வாயசைத்தாள்.

"க்ராப்," என்றாள் அவள்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மேடத்தின் முகம் மாறியது. அம்மா எலும்பும் தோலுமாக இருக்கிறார், அப்படிப் பிடித்தால் வலிக்காதா என்று கேட்டாள்.

அதற்கு மேல் அவளிடம் இங்கிலீஷ் இல்லை. ஐந்து விரலையும் இறுக்கி மூடித் திரைக்கு நேரே காட்டினாள். தமிழிலேயே சொன்னாள்.

"வலிக்கும் மேடம். நல்லாவே வலிக்கும். ஆனா ஆளு இருப்பாங்க."

என்ன சொல்கிறாள் என்று மேடம் கேட்டாள். டீச்சர்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

டீச்சர் மூலையை விட்டுக் கேமராவுக்கு முன்னால் வந்து, மூடியிருந்த அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.