சுவர் பிடிக்கும் வேலை

கதவைப் படாரென்று சாத்திவிட்டு விடுதலை அடைந்த பெண்ணாக வெளியே வந்த நான், கையிலிருந்த பயணப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, உடனே திரும்பி இரண்டு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பிடிக்காவிட்டால் வீடு விழுந்துவிடும்.

வீடு என்றால், பிளைவுட்டில் செய்து பச்சை வர்ணம் அடித்த மேடை வீடு. சுவர் ஆடுகிறது என்று ஒத்திகையின் முதல் நாளே சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் நான் கதவைச் சாத்தினேன். சுவர் அப்படியே குப்புற விழுந்தது.

இயக்குநர் என் கணவர். நாடகத்திலும் அவர்தான் என் கணவர். ஒரே ஆளிடம் இரண்டு இடத்தில் குடித்தனம்.

விழுந்த சுவரைப் பார்த்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவைச் சாத்தியதும், திரை இறங்கும்வரை நான் பின்னால் நின்று தாங்கிக்கொள்ள வேண்டியது.

மூல நாடகத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. நூறு வருஷத்துக்கும் மேல் பழைய நார்வே நாடகம். மனைவி வீட்டை விட்டுப் போகிறாள், கதவு மூடுகிறது, திரை. அவ்வளவுதான்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக அதைத் தமிழாக்கியது நான். என் கணவர் அகராதியே இல்லாமல் கடைசியில் ஆறு பக்கம் சேர்த்தார். மனைவி போன பிறகு கணவன் தனியாக நின்று புலம்பும் பக்கங்கள். மூலத்தை எழுதியவருக்கு அது தோன்றாமல் போய்விட்டதாம், பாவம்.

போஸ்டரில் ‘புதிய மொழிபெயர்ப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அவர் பெயர். என் பெயர் ‘உதவி’ என்பதற்குக் கீழே, நாற்காலி வாடகைக்கு விட்ட கடைக்கு அடுத்து இருந்தது.

ஆக, ஒவ்வொரு காட்சியிலும் வீட்டை உதறிவிட்டுப் போனவள் அதே வீட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பாள். முன்னால் அவர் அழுவார். திரை இறங்கி மறுபடி ஏறியதும், கதவைத் திறந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சபைக்கு வணக்கம் சொல்ல வைப்பார். ஒரு வழியாகப் போய்த் தொலைந்தவளைத் தினமும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

இன்று பகலில் கடைசிக் காட்சி. இன்று ஒரு நாளாவது நான் எழுதியபடி கதவோடு முடியுங்கள் என்று காலையில் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அதற்கென்ன, முடித்துவிட்டால் போயிற்று என்றார்.

அதனால்தான் சுவரைப் பிடித்தபடி திரை இறங்குவதற்காகக் காத்திருந்தேன்.

திரை இறங்கவில்லை. அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

இத்தனை மாதம் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தது, இந்த ஒரு கதவோடு முடிவதற்காகத்தான்.

கையை எடுத்தால் போதும். சுவர் விழும், நாடகம் முடியும். பிளைவுட்தானே, பெரிதாக அடிபடாது. பட்டாலும் இரண்டு பக்கம் குறையும்.

இடது கையை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வலது கையையும் எடுத்தேன்.

ஒன்றும் விழவில்லை.

அந்தப் பக்கம் அவர், எல்லாவற்றையும் நான் ஒருத்தனே தாங்கினேன் என்று விம்மிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சாமான் ஏற்றி இறக்கும் பின்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார் செட் போட்ட தச்சர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து கிசுகிசுத்தார்.

“நாலு முட்டுக் கொடுத்து மணல் மூட்டையும் வச்சிருக்கேனே அக்கா, அது எங்க விழப்போகுது? விழுந்த அன்னைக்கே சார்கிட்ட சொல்லிட்டேனே. நீங்க அவர் பேசுறதக் கேக்கத்தான் இங்க சாஞ்சு நிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

காலடியில் கிடந்த கறுப்புத் துணியை விலக்கினேன். இருட்டில் நான் தினமும் முழங்காலை இடித்துக்கொண்டு, யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டை என்று திட்டிய அதே மூட்டை. அதற்கடியில் முட்டுக் கட்டைகள், ஆணி அடித்து, அசையாமல்.

சுவருக்கு நான் தேவைப்படவே இல்லை. அந்த ஆறு பக்கத்துக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறேன். கையை எடுக்க முடியாமல் நின்று கேட்கிற ஒரு ஆளாக.

பெட்டியை அங்கேயே விட்டேன். அதற்குள் பழைய செய்தித்தாள்தான் இருந்தது. தச்சர் ஒதுங்கி வழி விட்டார். நாடகத்துக்குப் போட்ட அதே கோட்டோடு சந்தில் இறங்கினேன். வெளியே இன்னும் நல்ல வெயில்.

சந்தின் பாதியில் திரை இறங்கும் மணி கேட்டது. வழக்கமான கைதட்டல். மறுபடி மணி, திரை ஏறுகிறது. கதவின் கீல் கிரீச்சிட்டது. இப்போது கையை நீட்டியிருப்பார்.

பிடித்து இழுக்க வாசலில் யாரும் இல்லை.

பிறகு கூரை இடிந்துவிடுவது போலக் கைதட்டினார்கள். எந்தக் காட்சிக்கும் அப்படித் தட்டியதில்லை.

இந்த முடிவையும் அவரே மொழிபெயர்த்தார் என்றுதான் நாளைக்குப் பத்திரிகையில் எழுதுவார்கள்.