பழைய வீட்டுக்காரியின் சாட்சி

நெதர்லாந்தில் ஒரு கிராமத்து வீட்டை ரம்யா வாடகைக்குக் கேட்டாள். பக்கத்து வீட்டிலேயே தனியாக இருந்த உரிமையாளரம்மா, அவள் முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரிக்க வேண்டும் என்றார். ஊரில் தன் வீட்டு மாடியை ரம்யாவுக்கு வாடகைக்கு விட்டிருந்த செண்பகம், மாப்பிள்ளையூரணியிலிருந்து வீடியோவில் வந்தாள். திரையில் தோட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்கு வயிறு எரிந்தது.

“உள்ளதச் சொல்லுதேன், கோவிச்சிக்கிடாத. உன் வீட்ல எந்நேரமும் ஆளுக. பிள்ளைக மாடிப்படில குதிக்கிற சத்தத்துல எனக்கு மத்தியானத் தூக்கமே போச்சு. அந்த அம்மாட்ட அப்படியே சொல்லுளா.”

ரம்யா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

“இந்தத் தெருவுல பிள்ளைக சத்தமே கிடையாதாம் அக்கா. இன்னைக்கே வரச் சொல்லுதாங்க.”

செண்பகம் அண்ணாந்து பார்த்தாள். ரம்யா காலி செய்த மாடியில் இன்னும் பூட்டுத்தான் தொங்கியது. சத்தம் போன பிறகும் மத்தியானத் தூக்கம் வரவில்லை.

திரையில் சிரித்த வெள்ளைக்காரம்மாவைப் பார்த்து அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.