கைப்பிடியில் தொங்கிய துண்டு

பாட்டில் தொழிற்சாலையின் உலைக்காரருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எது பகல், எது இரவு என்று உடம்புக்கே குழம்பிவிட்டது. பதினாறு நாளாகப் பொட்டுத் தூக்கம் கிடையாது. வெந்நீர்க் குளியல், மாத்திரை, கறுப்புத் திரைச்சீலை, எதற்கும் கண்கள் மசியவில்லை.

அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்ததும், மனைவி படுக்கையறைக் கதவுக் கைப்பிடியில் ஒரு நீலத் துண்டைத் தொங்கவிடுவாள். அது தொங்கினால் அந்த வீட்டில் குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும்.

அன்று மாற்று ஆள் தாமதமாக வந்ததால், ஆறரைக்கு வரவேண்டியவர் ஒன்பது மணிக்குத்தான் வீட்டு வாசலை மிதித்தார். உள்ளே கைப்பிடியில் துண்டு தொங்கியது. குறட்டை கேட்டது.

"யாரு படுத்திருக்கா?" என்றார்.

மனைவி ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசுங்க. பதினாறு நாளா தூங்காத மனுஷன், இப்பதான் கண்ணசந்தாரு."

"காலங்காத்தால விளையாடுறியா?" என்று சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் கதவோரம் தன்னுடைய பூட்ஸைக் கண்டார். இடது கயிறு அறுந்ததற்கு அவரே கட்டிய சிவப்பு ஒயர், அதே முடிச்சு. குனிந்தார். அவர் காலிலும் அதே சிவப்பு ஒயர்.

உள்ளே குறட்டை நின்றது.

"யாரு வந்திருக்கா?" தூக்கக் கலக்கத்தில் கரகரத்தது அவருடைய சொந்தக் குரல்தான்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருமில்லீங்க, நீங்க தூங்குங்க" என்று உள்பக்கம் குரல் கொடுத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.