மீதி எத்தனை காக்கா?

வேப்பமரக் கிளையில் தொங்கிய கூண்டுக்குள்ளிருந்து ஒரு கிளி, மேலே உட்கார்ந்திருந்த காக்காவைக் கூப்பிட்டது.

"காக்கா அண்ணே, ஒரு கணக்கு. மரத்துல பத்துக் காக்கா. வேட்டைக்காரன் ஒண்ணைச் சுட்டுட்டான். மீதி எத்தனை?"

"நூறுக்குக் குறையாது."

கிளி விழுந்து விழுந்து சிரித்தது. "தப்பு! ஒண்ணுகூட இருக்காது. சத்தம் கேட்டதும் எல்லாம் பறந்துடும். வீட்டுக்கு வர்றவங்க இதுக்குக் கை தட்டுவாங்க, தெரியுமா?"

காக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பறந்துடுவோம்னு எவன் சொன்னான்? எங்கள்ல ஒண்ணு விழுந்தா ஊர்க் காக்கா மொத்தமும் வந்து கத்தும். கிட்ட வர்றவன் மண்டையில கொத்து விழும். சுட்டவன்தான் ஓடணும்! எங்களைக் கேக்காம எங்க கணக்கைப் போட இவங்க யாரு?"

"விடை பூஜ்யம்தான் அண்ணே. எங்க ஐயா சொல்லிக்கொடுத்தது."

"சரி. உன்னை வலை போட்டுப் பிடிச்சாங்களே, அன்னிக்கு உங்க கூட்டத்துல எத்தனை பேர் நின்னாங்க?"

கிளி கொய்யாத் துண்டைக் கொத்துவதுபோல் குனிந்துகொண்டது.

"பூஜ்யம்."

காக்காவுக்கு இப்போது வேறு கோபம் வந்தது. கூண்டுக் கம்பியை அலகால் இழுத்துப் பார்த்தது. அசையவில்லை. கழுத்தை நீட்டிக் கத்தியது. திரும்பத் திரும்பக் கத்தியது.

கொஞ்ச நேரத்தில் வேப்பமரம் கறுக்கத் தொடங்கியது. கிளி அண்ணாந்து ஒவ்வொன்றாக எண்ணியது. பத்துக்கு மேல் எண்ண அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.