கடைசிவரை பார்த்தவர்கள்

படத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களில் பாதிப் பேராவது கடைசிவரை பார்த்தால்தான் மீட்புப் படகு கிளம்பும். இப்போதெல்லாம் அதுதான் விதி. கடலில் காணாமல்போன லூர்துவுக்காக, காணொளிச் செய்தியாளன் கதிரேசன் இரண்டு குறும்படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டான். இரண்டையும் ஜனங்கள் பாதியிலேயே விரலால் தள்ளிவிட்டுப் போனார்கள். காற்று வலுத்துக்கொண்டிருந்தது.

படம் எங்கே சறுக்குகிறது என்று அவனுக்குத் தெரியும். லூர்துவின் மனைவி சகாயமேரி அழவில்லை. படகின் நிறத்தையும் போன திசையையும் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னாள்.

"கொஞ்சம் அழுங்கக்கா. அழுதாத்தான் பாப்பாங்க."

"ஆளு கடல்ல இருக்கையில அழுதா, செத்துட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. எங்க கரையில எவளும் அழமாட்டா. வேணும்னா நீ அழு தம்பி, அதுக்கேத்த மூஞ்சிதான்."

கதிரேசன் சிரிக்கவில்லை. கேமராவை ஓடவிட்டு, போனை ஒரு நிமிடம் காதில் வைத்திருந்துவிட்டு இறக்கினான்.

"அக்கா, உடம்பு கிடைச்சிருச்சாம்."

அவள் மணலில் விழுந்து அலறினாள். தன் குரலை மட்டும் வெட்டிவிட்டு அவன் அதை அப்படியே ஏற்றினான். இந்த முறை யாரும் தள்ளவில்லை. சற்று நேரத்தில் துறைமுகத்தில் மீட்புப் படகின் எஞ்சின் உறுமியது.

அவன் ஓடிப்போய் அவளைத் தூக்கி உட்கார வைத்தான். "நான் சொன்னது பொய்க்கா. உடம்பு எதுவும் கிடைக்கல. படகு கிளம்பிருச்சு, பாருங்க!"

சகாயமேரி படகைப் பார்க்கவில்லை. ஈரமான கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இனி அது யாரத் தேடிப் போவுது?" என்றாள்.