முதலில் என்ன?

அலெக்சாந்திரியா மருத்துவமனையில் ரம்ஸி புத்தகத்தைப் பிரித்தார்.

"மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்?"

"மருந்துச் சீட்டைப் பார்க்கணும், உஸ்தாத்," என்றாள் நர்ஸ் ஷைமா.

"போச்சு! முதல்ல பேரும் பிறந்த தேதியும் கேட்கணும். ரெண்டு தடவை லைசென்ஸ் பரீட்சையில கோட்டை விட்டும் புத்தி வரலியே!"

"தினம் பார்க்கற ஆளுகிட்டப் பேரைக் கேட்டா சிரிப்பாங்க, உஸ்தாத்."

"சிரிக்கட்டும். நாளைக்கும் தோத்தா உன் வேலை போயிடும்."

ஷைமாவின் கண்கள் கலங்கின.

"அட, அழாதேம்மா. எட்டு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் உனக்காகத்தான் துஆ கேட்கறேன்."

அப்போது பக்கத்திலிருந்த இயந்திரம் கீச்சிட்டது. நான்கு மணி நேரமாக ரம்ஸியின் ரத்தத்தைச் சுத்தம் செய்த டயாலிசிஸ் இயந்திரம் அது. ஷைமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் போட வேண்டிய ஊசியுடன் கட்டிலருகே குனிந்தாள்.

ரம்ஸி புத்தகத்தால் கையை மறைத்துக்கொண்டார்.

"முதல்ல என்ன?"

"ஐயோ! உங்க பேரு? பிறந்த தேதி?"

"ரம்ஸி ஷஹாத்தா. மார்ச் ரெண்டு, எழுபத்தெட்டு. வேலை, டிராம் ஓட்டறது," என்று கையை நீட்டினார். "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு நீ பாஸ்!"